மாவனல்லைப் பனிக்காருக்கு ஒரு பாராட்டுப் பத்திரம்

மழை விழத் தொடங்கிய பிறகு குடை தேடுகிறவர்கள் நிறைந்த நாடு இது. இங்கே, பனி விழுவதற்குப் பல யுகங்களுக்கு முன்பே அதற்கென்று கார் கட்டத் தொடங்கிவிட்ட ஒருவரைப் பாராட்டாமல் இருந்தால் நாம் நன்றி கெட்டவர்கள் ஆவோம். அவர் பெயர் வேண்டாம். இப்படி ஒருவர் ஊருக்கு ஊர் இருக்கிறார். மாவனல்லையில் இருப்பவரை நாங்கள் ‘பனிக்கார் அண்ணன்’ என்று மரியாதையாக அழைக்கிறோம்.

மாவனல்லையை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் வீதியில், கேகாலையைத் தாண்டி, கடுகண்ணாவை ஏற்றம் தொடங்குவதற்கு முன், மகா ஓயாக் கரையில் இருக்கும் ஊர். சுற்றிலும் ரப்பர் தோட்டங்களும் மேடு பள்ளங்களும். மார்கழி விடியற்காலையில் காதுக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு தேநீர்க்கடைக்கு வருகிறவர்கள் உண்டு. ஒன்பது மணிக்கு அதே மப்ளரால் வியர்வை துடைப்பார்கள். எங்கள் குளிர்காலம் அவ்வளவுதான். இந்தக் குறையை இயற்கையின் அலட்சியம் என்று கண்டு, அதைத் தன் சொந்தச் செலவில் ஈடுசெய்ய முன்வந்த முதல் மனிதர் எங்கள் அண்ணன்.

கனடாவில் இருக்கும் மச்சான் அனுப்பிய ஒரு காணொளியில் தொடங்கியது எல்லாம். வெண்பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு வண்டி போனது. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் இல்லாமல் கார் ஓட்டினால் சட்டப்படி குற்றம் என்று மச்சான் சொன்னார். அண்ணன் அந்தச் சட்டத்தை மாவனல்லையிலிருந்தே மதிப்பது என்று தீர்மானித்தார். தூரத்து நாட்டுச் சட்டத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிறவர், வாகனத்தின் அமைப்பை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும் என்ற உள்ளூர் விதியைப் பற்றிக் கேட்டபோது, “அதெல்லாம் பொறகு பாத்துக்கலாம் தம்பி” என்றார். எதற்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்று அறிந்தவர்.

காரைத் தேர்ந்தெடுத்ததிலேயே அவருடைய தொலைநோக்கு விளங்கும். மற்றவர்கள் பனிக்கென்று உயரமான, நாலு சில்லும் இழுக்கிற ஜீப்பைத் தேடியிருப்பார்கள். அண்ணன் தேர்ந்தெடுத்தது ஜப்பானிலிருந்து ரிக்கண்டிஷனாக வந்த ஒரு வேகன் ஆர். ஜப்பானியச் சிறுகார் விதிப்படி 660 சிசிக்கு மேற்படாத இயந்திரம், 3.4 மீற்றருக்கு மேற்படாத நீளம், 1.48 மீற்றருக்கு மேற்படாத அகலம். நகரத்து ஒடுங்கிய தெருக்களில் மாமியையும் மரக்கறிப் பையையும் ஏற்றிக்கொண்டு போவதற்கு என்று பிறந்த வண்டி. அதை வடதுருவத்துக்கு ஆயத்தப்படுத்துவதில்தானே ஒரு பொறியாளனின் திறமை தெரியும்? ஏற்கனவே பனியில் ஓடக்கூடிய வண்டியைப் பனியில் ஓட்டுவதில் என்ன பெருமை இருக்கிறது?

இந்த நாட்டில் காருக்கு இருக்கும் மதிப்பையும் இங்கே சொல்ல வேண்டும். 2020 இல் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய வேகன் ஆர்களின் விலை ஏறிய ஏற்றத்துக்கு முன்னால் கடுகண்ணாவை ஏற்றம் சமதரை. கதவு திறந்த பிறகும் விலையில் பெரும்பங்கு வரிதான். வாங்கியவர்கள் கீறல் விழாமல் பொத்திப் பொத்தி வைத்திருக்க, அண்ணன் மட்டும் தன் வண்டியின் அடிச்சட்டத்தில் துளை போடத் துணிந்தார். லீசிங் இன்னும் முடியவில்லை. வண்டி சட்டப்படி இன்னும் முழுதாக அவருடையதல்ல. பிறர் பொருளிலும் தன் கலையைக் காட்டுகிற அந்தத் தாராள மனம் எத்தனை பேருக்கு வரும்?

ஜப்பானியர் அந்தக் காரில் வைத்த குளிர்கால வசதிகளை இத்தனை காலமும் நாம் அவமதித்து வந்தோம் என்பதையும் அவர்தான் எங்களுக்கு உணர்த்தினார். இலங்கையில் ஓடும் எத்தனையோ ஜப்பானியக் கார்களில் ஆசனத்தைச் சூடாக்கும் பொத்தான் இருக்கிறது. சிலவற்றில் பனிப்பாதைக்கென்று தனிப் பொத்தானே உண்டு. சாவியைப் போட்டதும் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில், நெடுஞ்சாலைக் கட்டண அட்டை செருகப்படவில்லை என்று தினமும் பணிவாக நினைவூட்டுகிறது. வழிகாட்டித் திரையோ நம்மை இன்னும் ஜப்பான் வரைபடத்திலேயே தேடிக்கொண்டிருக்கிறது. நாம் அந்தக் குரலை அலட்சியம் செய்தோம். அண்ணன் அதற்குச் செவிசாய்த்தார். வண்டி தன்னை ஜப்பானில் இருப்பதாகவே நினைக்கும்போது, அதன் மனத்தைப் புண்படுத்தக் கூடாது என்பது அவர் கொள்கை. சித்திரை வெயிலில் ஆசனச் சூட்டைப் போட்டுச் சோதித்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். இறங்கி வந்து, “வேலை செய்யுது” என்றார். முதுகில் ஒட்டியிருந்த சட்டையே அதற்குச் சான்று.

அடுத்தது டயர். இதில் அண்ணனின் அறிவு கடல். குளிர்கால டயரின் ரப்பர்க் கலவை வேறு. ஏறக்குறைய 7 பாகை செல்சியசுக்குக் கீழே சாதாரண டயர் விறைத்துப் பிடிமானம் இழக்கும்போது, அது மட்டும் மென்மையாகவே இருக்கும். முகப்பில் நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும், பனியைக் கடித்துப் பிடிக்க. முன்பு ஜப்பானில் ஆணி பதித்த டயர்களே ஓடின. அவை வீதியை அராவிக் கிளப்பிய தூசி நகரங்களை மூச்சுமுட்ட வைத்ததால், 1990 இல் அவற்றுக்கு எதிராகச் சட்டமே வந்தது. அதன் பிறகு ஆணியில்லாக் குளிர்கால டயர்தான். இவ்வளவும் அண்ணன் மூச்சுவிடாமல் சொல்வார்.

அதே கலவை முப்பது பாகை வெயிலில் தார் வீதியில் என்ன ஆகும் என்பதை அவர் சொல்வதில்லை, அடக்கம் காரணமாக. மென்மையான ரப்பர் சூட்டில் இன்னும் இளகும், வேகமாகத் தேயும், பிரேக் பிடித்தால் வண்டி நிற்பதற்கு இன்னும் சற்று தூரம் கேட்கும். அந்தச் சற்று தூரத்துக்குள் பாடசாலைப் பிள்ளையோ ஆட்டோவோ வராமல் பார்த்துக்கொள்வது மற்றவர்களின் பொறுப்பு. மேலும் அவர் வாங்கியது புதிய டயர் அல்ல, ஜப்பானில் பாவித்துக் கழித்தவை. அங்கே குளிர்கால டயரில் பாதித் தேய்மானத்தைக் காட்டும் ஒரு மேடு உண்டு. அந்த மேடு மேலே தெரிந்துவிட்டால் பனிக்கு அது உதவாது என்று கழற்றிவிடுவார்கள். பக்கச் சுவரில் இருக்கும் நாலு இலக்கத்தில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு வருடத்தையும் குறிக்கும். அண்ணனுடைய டயரில் அந்த இலக்கம் இருக்கும் இடத்தில் கறுப்புப் பெயின்ட் பளபளக்கிறது. வயதைக் கேட்பது நாகரிகமல்ல என்பது டயருக்கும் பொருந்தும்தானே?

இங்கே எங்கள் மண்ணுக்கும் ஒரு பெருமை சேர்கிறது. 1876 இல் ஹேனரத்கொடைக்கு வந்திறங்கிய ரப்பர் கன்றுகளின் வாரிசுகள்தான் கேகாலை மலைச்சரிவுகளில் நிற்கின்றன. விடியுமுன் எழுந்து பால் வெட்டுகிறவர்களுக்கு, மழை வந்தால் அன்றைய வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் முழுச் சம்பளமும் கேள்விக்குறி. தேயிலை, ரப்பர் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபா என்று 2024 இல் வர்த்தமானி வந்தபோது அதை ஒரு வெற்றி என்று கொண்டாடினோம். நாலு குளிர்கால டயர்களுக்கு அண்ணன் கொடுத்த விலையை அந்தக் கணக்கில் வகுத்துப் பார்க்கக் கூடாது. கலையைக் கூலியால் அளப்பது பண்பாடல்ல.

ஆனால் ரப்பர் மரத்துக்கு ஒரு குணம் உண்டு. உறைபனியை அது தாங்காது. ஆகவே ரப்பர் மரம் நிற்கிற இடத்தில் பனி விழாது என்பதற்கு அந்த மரமே அத்தாட்சி. அண்ணனின் கராஜுக்குப் பின்னால் ஒரு சரிவு முழுக்க அந்த அத்தாட்சிகள் நின்றுகொண்டிருக்கின்றன. அவற்றின் நிழலில்தான் அவர் பனிக்கார் கட்டுகிறார். சாட்சிகளை இவ்வளவு அருகில் வைத்துக்கொண்டு வழக்காடும் துணிவு சட்டத்தரணிகளுக்கே வராது.

அடுத்து இயந்திரத்தின் நீர். குளிர்நாடுகளில் ரேடியேட்டர் நீர் உறையாமல் இருக்க கிளைக்கோல் கலந்த கூலண்ட் ஊற்றுவார்கள். பாதிக்குப் பாதி தண்ணீர் கலப்பது உலக வழக்கம். அண்ணனுக்குக் கலப்படம் பிடிக்காது. கலக்காத சுத்தக் கூலண்டையே ஊற்றினார். பாதிக்குப் பாதி கலந்த நீர் ஏறத்தாழ −37 பாகை வரை உறையாது. கலக்காத கிளைக்கோலோ −13 பாகையை நெருங்கும்போதே உறையத் தொடங்கும். அதாவது காசை இரட்டிப்பாகக் கொடுத்துப் பாதுகாப்பைக் குறைத்துக்கொண்டார். அத்துடன் தண்ணீர் அளவுக்கு வெப்பத்தைச் சுமந்து செல்லவும் அதற்கு முடியாது. அதனால் வண்டி கடுகண்ணாவை ஏற்றத்தில் பாதியில் நின்று புகைவிட்டது. வேடிக்கை பார்த்தவர்கள் சூடேறிவிட்டது என்றார்கள். “பனிக்குச் செஞ்ச வண்டி வெயிலத் தாங்காது, அதுதான் இதோட சிறப்பு” என்றார் அண்ணன். ஒரு பொருள் தனக்கு விதிக்கப்பட்ட வேலையைத் தவிர வேறெதையும் செய்ய மறுப்பதை நாம் நேர்மை என்றுதானே சொல்கிறோம்?

வண்டியை உயர்த்தியதும் சாதாரண வேலையல்ல. ஸ்பிரிங்குக்கு மேல் இரும்புத் துண்டுகளை வைத்துத் தூக்கி, பெரிய டயர் போட்டு, சில்லு உரசிய இடங்களில் மட்காட்டை வெட்டி எறிந்தார்கள். பெரிய டயரில் வேகமானி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதனால் எப்போதும் நிதானமாகவே போகிறோம் என்ற மனநிறைவு சாரதிக்குக் கிடைக்கும். வண்டியின் பாரம் மேலே ஏறியதால் வளைவில் அது பணிவாக ஒரு பக்கம் சாய்கிறது. கியர்ப்பெட்டி முனகுகிறது. அந்த முனகலை வெளியே கேட்க விடாமல் பெரிய சைலன்சர் பூட்டியது அண்ணனின் மனிதாபிமானம்.

வெள்ளத்தில் மூச்சுவிட வண்டியின் பக்கத்தில் கூரை வரை ஒரு குழாய் ஏற்றியிருக்கிறார். மகா ஓயா பெருகினாலும் இயந்திரம் மேலே இருந்து காற்றெடுக்கும். மின்கலத்துணை கொண்ட வேகன் ஆர்களில் அந்த லித்தியம் பேட்டரி இருப்பது முன் பயணியின் ஆசனத்துக்குக் கீழே. இயந்திரம் கூரையில் மூச்சுவிட, பேட்டரி தரையில் குளிக்கும். மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் ஒரே வண்டியில் இப்படித் தனித்தனியாகக் கவனித்த இன்னொரு வடிவமைப்பை நான் கண்டதில்லை.

விளக்குகளைப் பற்றிச் சொல்ல எனக்குக் கண் கூசுகிறது. கூரையில் ஒரு நீள வெள்ளை எல்.ஈ.டி. வரிசை, பொனட்டில் ஒன்று, கீழே நாலு. கடுகண்ணாவையில் மூடுபனி இறங்கும் மாலைகளில் அதை அவர் போடுகிறார். உயரத்திலிருந்து பாயும் வெள்ளை ஒளி மூடுபனியின் நீர்த்துளிகளில் பட்டு அப்படியே சாரதியின் கண்ணுக்குத் திரும்பும். அதனால்தான் மூடுபனி விளக்கைத் தாழ்த்திப் பூட்டி வீதியை மட்டும் நனைக்கச் சொல்வார்கள். அண்ணனுக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சுவர்தான் தெரிகிறது. அவர் தேடிய வெண்பனி அவருக்கு அங்கே கிடைத்துவிட்டது. எதிரே வருகிற பஸ் சாரதிக்கு அதுவும் தெரிவதில்லை. 2025 ஜனவரியில் பஸ்களிலும் ஆட்டோக்களிலும் இருந்த அலங்காரங்களையும் மேலதிக விளக்குகளையும் கழற்ற பொலிஸார் இறங்கியபோது, ஊரில் பலர் பதறினார்கள். “இது அலங்காரமில்ல, பாதுகாப்பு” என்று அண்ணன் மட்டும் அமைதியாக இருந்தார்.

இவ்வளவும் செய்த ஒருவர் சில அற்ப விஷயங்களில் காட்டும் பற்றின்மையைத் துறவிகளிடமும் காண முடியாது. முன் கண்ணாடி வைப்பரின் ரப்பர் பிய்ந்து தொங்குகிறது. மழையில் அது துடைப்பது தன்னுடைய பாதிப் பக்கத்தை மட்டுமே. பின் ஆசனப் பட்டிகள் ஆசனத்துக்குள்ளே புதைந்து கிடக்கின்றன. பிரேக் திண்டை மாற்றும்படி கராஜ் பாஸ் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். ஸ்பெயார் டயர் வழுக்கை. எரியாத பிரேக் விளக்கொன்று இருக்கிறது. இதற்கெல்லாம் ஆகும் மொத்தச் செலவு அந்தக் கூரை விளக்கின் விலையில் ஒரு துண்டுதான். ஆனால் வைப்பரைப் படம் பிடித்துக் கனடாவுக்கு அனுப்ப முடியுமா? மச்சான் என்ன சொல்வார்?

எங்கள் ஊருக்கு ஒரு பருவகாலம் இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். இருக்கிறது, அதன் பெயர் மழை. ஆண்டுக்கு இரு முறை வருகிறது, முகவரி தவறுவதில்லை. 2016 மே 17 ஆம் திகதி, பக்கத்து அரநாயக்கவில் சாமசரக் கந்தை சரிந்து மூன்று கிராமங்களை மூடியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமற் போனார்கள். அதே நாளில் புளத்கொகுப்பிட்டிய பக்கத்துத் தோட்டத்தில் லயன் வீடுகளும் புதைந்தன. 2025 நவம்பர் 22 இல் கடுகண்ணாவை இறக்கத்தில், கொழும்பு–கண்டி வீதியோரக் கடையொன்றின் மேல் மலை விழுந்து ஆறு பேர் உயிரிழந்தார்கள். அடுத்த வாரம் வந்த டித்வா புயல் நாடு முழுவதும் அறுநூறுக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது. இவையெல்லாம் பனியால் வந்தவையல்ல என்பதால் அண்ணனின் திட்டக் கொப்பியில் இடம்பெறவில்லை. ஒரு நிபுணர் தன் துறைக்கு வெளியே தலையிட மாட்டார்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படி எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இரு, செம்மஞ்சள் என்றால் ஆயத்தமாகு, சிவப்பு என்றால் இடத்தை விட்டு வெளியேறு. கேகாலை மாவட்டத்தின் பெயர் அந்தப் பட்டியலில் அடிக்கடி வரும். நாங்கள் வானொலியை நெருங்கி உட்கார்ந்து கேட்டபோது அண்ணனும் நிறங்களைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தார். கதவுக்குச் செம்மஞ்சள் அடித்தால் வெண்பனியில் எடுப்பாகத் தெரியுமாம்.

சிறிய கணக்குகளில் அவர் நினைவைச் செலவழிப்பதில்லை. 2022 இல் எரிபொருள் அட்டையில் காருக்கு வாரம் 20 லீற்றர், ஆட்டோவுக்கு 5 லீற்றர் என்று அளந்து கொடுத்த நாட்களில் அவரும் எங்களோடு வரிசையில் நின்றவர். பக்கத்து ரம்புக்கனையில் அந்த ஏப்ரல் 19 ஆம் திகதி எரிபொருள் கேட்டு மறித்து நின்ற கூட்டத்தின்மேல் பொலிஸார் சுட்டதில் ஒருவர் செத்தார். அப்படிப்பட்ட பெற்றோலை இன்றைக்குப் பெரிய டயருக்கும் கூரைப் பெட்டிக்கும் விளக்கு வரிசைக்கும் தாராளமாக ஊற்றுகிறார் என்றால், பழைய துன்பங்களை மன்னித்து மறக்கும் பெருந்தன்மை அது.

அண்ணன் தனியாள் அல்ல என்பதைச் சொல்லாவிட்டால் மற்றவர்களுக்கு அநீதி. கொழும்பில் நடைபாதைக் கல்லில் ஏறுவதற்கு மட்டுமே நாலு சில்லையும் பாவிக்கும் பெரிய ஜீப்புகள் வரிசை கட்டி நிற்கின்றன. 1820களில் ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில் கப்டன் டோசன் வகுத்த இந்தக் கண்டி வீதியின் இரு பக்கமும் சரிவைச் செங்குத்தாக வெட்டிக் கடையும் வீடும் ஹோட்டலும் எழுப்பியவர்கள் இருக்கிறார்கள். அவற்றுக்கு அனுமதி எழுதிய பேனாக்களும் இருக்கின்றன. தண்ணீர் ஓட வேண்டிய கானுக்கு மேல் கொங்கிரீட் போட்டு வாகனத் தரிப்பிடம் ஆக்கியவர்கள் இருக்கிறார்கள். மண் விழுந்த பிறகு அவ்விடத்தில் ‘மண்சரிவு அபாயம்’ என்று பலகை நடுகிற வேகத்தைப் பார்த்தால் மெய்சிலிர்க்கும். வராத ஆபத்துக்கு வாகனமும் வந்துபோன ஆபத்துக்குப் பலகையும் என்று வேலையை நாம் அழகாகப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறோம். வரப்போகிற ஆபத்துதான் பாவம், கேட்பாரற்று நிற்கிறது.

ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் பாராட்டியதைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு, நான் ஏன் இந்தக் காரைப் பாராட்டுகிறேன் என்பது புரியும். ஒரு கீறல்கூட இல்லாத கருவிக்கு என்ன மரியாதை செய்ய வேண்டும் என்பது நம் மரபுக்கு எப்போதோ தெரிந்த விஷயம். போரில் நைந்து கொல்லன் பட்டறையில் கிடந்த அதியமானின் வேல்கள் போன்றவை எங்கள் ஊரிலும் உண்டு. தோட்டத்து லொறி ஒன்று மாதத்தில் பாதி நாள் கராஜில்தான் கிடக்கிறது. ஷொக் போயிருக்கும், கதவைக் கயிற்றால் கட்டியிருக்கும். மலைமேட்டு லயனிலிருந்து ஒரு பிள்ளைத்தாச்சியை இறக்க வேண்டுமென்றால் அதுதான் வரும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் பிரதான வீதி வரைக்கும் வேகமாக வந்துவிடுகிறது. அதற்கு மேல் தோட்டத்து ரோட்டில் ஏற முடியாத இடங்களில் நாற்காலியில் உட்காரவைத்துத் தோள்கொடுத்துத் தூக்கி வருகிறார்கள். அப்படி ஒரு மழை இரவில் அண்ணனின் வாசலில் போய் நின்றவர்கள் உண்டு. கறைபடாத ஆசன உறையும் கழுவி மெழுகிய அடிச்சட்டமும் கண்டு, தாங்களாகவே கூச்சப்பட்டுத் திரும்பினார்கள். “பனிக்குத்தான்யா இது, சேத்துக்கு இல்ல” என்று அவர் ஏற்கனவே தெளிவாகச் சொல்லியிருந்தார்.

உண்மையான குளிருக்கு ஒரே ஒரு வாய்ப்பு இந்தத் தீவில் இருக்கிறது. 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவிலும் அதற்கும் மேலே ஹோர்ட்டன் சமவெளியிலும் ஜனவரி, பெப்ரவரி விடியல்களில் புல்லின்மேல் உறைபனி படியும். அண்ணன் அடுத்த தையில் அங்கே போகத் திட்டமிட்டிருக்கிறார். அந்த உறைபனி மேகமற்ற, மழையற்ற, காற்றற்ற இரவுகளில்தான் விழும். வீதி காய்ந்தே கிடக்கும், சாதாரண டயர் போதும். பனி படிவது தேயிலைக் கொழுந்தில். வெயில் ஏறியதும் கொழுந்து கருகும், கொழுந்தெடுப்பவர்களுக்கு வேலை நாட்கள் குறையும். அந்தக் கருகிய மலையின் முன்னால் செம்மஞ்சள் கார் நிற்கும் படம் நன்றாக வரும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அங்கே போகும் வழியும் சும்மா வழியல்ல. கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் அந்த வீதியில், கொத்மலையின் கெரண்டிஎல்ல பகுதியில் 2025 மே 11 அதிகாலை ஒரு பஸ் பள்ளத்தில் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த வளைவுகளுக்குத் தேவையானது நல்ல பிரேக், கண்விழித்த சாரதி, கட்டிய பட்டி, கீழ் கியர். இந்த நாலில் ஒன்றும் அண்ணனின் கொப்பியில் இல்லை. கூரைப் பெட்டியில் பனிச்சறுக்குக் கட்டை வைக்க இடம் இருக்கிறது.

இப்போது சிலர் இதையெல்லாம் வீண் ஆசை என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஓர் இளைஞன் சம்பாதித்த காசில் தன் வண்டியைத் தனக்குப் பிடித்தபடி செதுக்குவது தப்பல்ல. கராஜில் நாலு பையன்கள் வெல்டிங் கற்றுக்கொண்டார்கள், டிங்கரிங் பாஸின் வீட்டில் அடுப்பெரிந்தது. இந்தத் தேசத்தில் ஓடும் பழைய வண்டிகளில் பாதி அப்படிப்பட்ட கைகளால்தான் ஓடுகிறது. அந்தக் கைகளுக்கு வேலை கொடுத்ததில் அண்ணனைக் குறைசொல்ல முடியாது. அதே கைகளிடம் ஒரு பிரேக்கைப் பார்க்கச் சொல்ல அவர் மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

ஆகவே, மாவனல்லை மக்கள் சார்பில் அண்ணனுக்கு ஒரு பணிவான விண்ணப்பம். உங்கள் தீர்க்கதரிசனம் பலிக்கட்டும். ஒருநாள் மகா ஓயா உறையட்டும், ரப்பர் மரங்களில் வெண்பனி தொங்கட்டும். அன்றைக்கு ஊர் முழுவதும் உங்கள் வாசலில் நிற்கும். அந்த நாள் வரும்வரை உயிரோடு இருப்பது உங்களுக்கும் எங்களுக்கும் அவசியம் என்பதால், நாளைக் காலை கராஜைத் திறந்ததும் இந்தச் சில்லறை வேலைகளைச் செய்துவிடுங்கள். இரண்டு வைப்பர் ரப்பரை மாற்றுங்கள். பிரேக் திண்டைப் பாருங்கள். கூலண்டில் தண்ணீர் கலந்துவிடுங்கள். மழைக்குரிய டயரைப் பூட்டுங்கள். அதன் வரிப்பள்ளத்தில் தேய்மானக் குறி மேலே வந்துவிட்டதா என்று பாருங்கள், வந்திருந்தால் 1.6 மில்லிமீற்றர்தான் மிச்சம், மாற்ற வேண்டும். கூரை விளக்கைக் கழற்றுங்கள். பின் ஆசனப் பட்டியைத் தோண்டி வெளியே எடுங்கள். வானொலியில் சிவப்பு என்று சொன்னால், வண்டியில் ஆசன உறையைப் பற்றி யோசிக்காமல் பக்கத்து லயத்து ஆட்களையும் ஏற்றிக்கொண்டு இறங்குங்கள்.